வீதியின் அந்தப் பக்கம் நின்றவர்

பம்பலப்பிட்டிச் சந்தியில் பஸ் நின்று வெகுநேரமாகியிருந்தது. ஏதோ ஒரு கட்சியின் கூட்டத்துக்காகக் காலி வீதி எனும் பெருவீதியை மறித்துவிட்டார்கள். பஸ்ஸுக்குள் எல்லோரும் எரிச்சலில் இருந்தார்கள். நான் வழக்கம்போல ஸ்ரனிக்குப் போன் எடுத்தேன். எந்தக் கட்சியின் கூட்டம் எந்த மைதானத்தில் நடக்கிறது, எந்த வீதியை எப்போது திறப்பார்கள் என்பதெல்லாம் கொழும்பில் பொலிஸாரைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். போனை எடுத்தது அவருடைய மகள் ஷாமினி.

“அன்ரி, அப்பா விடிய எங்களை விட்டிட்டு மோசம் போயிட்டார். உங்களுக்குச் சொல்லவேணும் எண்டுதான் போனைக் கையில எடுத்தனான். அதுக்குள்ள நீங்களே எடுக்கிறீங்கள்.”

வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் போனில் யாருக்கோ, கூட்டத்துக்கு ஒரு லட்சம் பேர் வந்திருக்கிறார்களாம், பஸ் அசையாது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு லட்சமாம், இதை ஸ்ரனிக்குச் சொல்லவேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

ஸ்ரனிஸ்லாஸ் என்ற முழுப் பெயரை ஞானஸ்நானப் பதிவிலும் இப்போது கல்லறையிலும் தவிர வேறெங்கும் யாரும் பாவித்ததில்லை. கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே கலியாணம் முடித்து, அங்கேயே போய்ச் சேர்ந்தார். அவரும் நானும் ஒரே வாரத்தில் பத்திரிகையில் சேர்ந்தவர்கள். நான் உப ஆசிரியர் மேசையில், அவர் செய்தியாளர். மேடையில் யார் என்ன பேசினார் என்பதை எழுதப் போதுமான ஆட்கள் இருந்தார்கள். ஸ்ரனி மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, வந்திருந்த சனத்தை எழுதுவார். இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரோடு சண்டை பிடித்தவர்களாகத்தான் இருப்பீர்கள். அநேகமாக அந்தச் சண்டையும் ஒரு எண்ணைப் பற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

எங்கள் தொழிலில் கூட்டத்தின் அளவை எழுதுவதற்கு ஒரு சோம்பேறி வழி உண்டு. கூட்டியவர்கள் ஒரு எண் சொல்வார்கள், பொலிஸார் ஒரு எண் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒன்றைப் போடுவோம். அதற்கும் துணிவில்லாவிட்டால் என்னைப் போன்ற உப ஆசிரியர்கள் ‘பெருந்திரளான மக்கள்’ என்று எழுதிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவோம். அந்தச் சொல்லைக் கண்டாலே ஸ்ரனிக்கு ஆகாது. ஒருநாள் என் மேசைக்கு வந்து, அச்சுக்குப் போகவிருந்த பக்கப் படியில் அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக் கேட்டார். “வசந்தி, உம்மட வீட்டுக்குப் பெருந்திரளான ஆக்கள் சாப்பிட வருகினம் எண்டால் எத்தினை கொத்து அரிசி போடுவீர்?” அன்றிலிருந்து அந்தச் சொல்லை எழுதப் போனால் முதலில் அரிசிதான் நினைவுக்கு வருகிறது.

அவருடைய அளவுகோல் பத்திரிகைத் தாள்தான். அது எப்படி வந்தது என்பதை அன்று அலுவலகத்தில் இருந்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். கிருலப்பனையில் ஒரு சிறிய மைதானத்தில் ஒரு வேட்பாளர் கூட்டம் வைத்தார். ஸ்ரனி சுமார் இரண்டாயிரம் பேர் என்று எழுதினார். அடுத்த நாள் வேட்பாளரின் செயலாளர் கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையோடு அலுவலகத்துக்கு வந்து, அது இருபதாயிரம், திருத்தம் போடவேண்டும் என்று நின்றார். ஸ்ரனி வாக்குவாதம் செய்யவில்லை. அன்றைய பத்திரிகையை எடுத்து நிலத்தில் விரித்து, ஏறி நிற்கச் சொன்னார். முன்பக்கத்தில் அவருடைய தலைவரின் படம் பெரிதாக இருந்தபடியால் மனிதர் தயங்கினார். ஸ்ரனி பொறுமையாகத் தாளைப் புரட்டி விளையாட்டுப் பக்கத்தை மேலே வைத்தார். செயலாளர் ஏறினார். சாரதி நிஸாம் நானாவும் பக்கத்தில் ஏறினார். இருவரும் வசதியாக நின்றார்கள். மூன்றாவதாகத் தேநீர் போடும் தடித்த குணரத்தினம் ஏறியபோது, விழாமலிருக்கச் செயலாளரின் வெள்ளைச் சட்டையைப் பிடிக்கவேண்டியதாயிற்று. ஒரு பேப்பருக்கு மூன்று பேருக்குமேல் முடியாது, இனி அந்த மைதானத்தில் எத்தனை பேப்பர் விரிக்கலாம் என்று நீங்களே சொல்லுங்கள் என்றார் ஸ்ரனி. செயலாளர் சட்டையை நீவிக்கொண்டு போய்விட்டார். போனவர் அடுத்த வாரத்து விளம்பரத்தை நிறுத்திவிட்டார். முகாமையாளர் ஸ்ரனியைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார்.

அதன்பிறகு எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் அவர் மனதுக்குள் தாள் விரிப்பார். மேடைக்கு முன்னால் பேப்பருக்கு மூன்று பேர், நடுவில் இரண்டு பேர், கடலை விற்கிறவர்கள் நிற்கும் இடத்தில் இரண்டு பேப்பருக்கு ஒருவர். மேடையில் நிற்கிறவனுக்கு முன்வரிசை மட்டுமே தெரியும், அவன் அதையே வீதி முடியும்வரை நீட்டிவிடுவான் என்பார். தொலைக்காட்சிக் கமராவுக்கும் அதே கண்தானாம்.

மே தினம் என்றால் கொழும்பில் எல்லாக் கட்சிகளுக்கும் மானப் பிரச்சினை. ஒரே நாளில் எல்லோரும் ஊர்வலம் வைத்து, யாருக்குச் சனம் கூட என்று அடுத்த நாள் பத்திரிகைகளில் மோதிக்கொள்வார்கள். தொப்பியும் சட்டையும் கட்சி கொடுக்கும். அதனால் ஸ்ரனி தலைகளைப் பார்க்கமாட்டார். “தொப்பி அவங்கட, சட்டை அவங்கட. செருப்பு மட்டும்தான் சனத்தின்ர சொந்தச் செருப்பு. காலைப் பாரும் வசந்தி” என்பார். ஒரு மே தினத்தில் காலையில் பொரளைப் பக்கம் போன ஊர்வலத்தில், வார் அறுந்து ஊசி குத்திய ஒரு ரப்பர் செருப்பைக் கண்டிருக்கிறார். பின்னேரம் நகரத்தின் மறு பக்கத்தில் எதிர்க்கட்சியின் ஊர்வலத்தில் அதே ஊசி, அதே கால். நிமிர்ந்து பார்த்தால் வேறு நிறத் தொப்பியோடு தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு வயதான அம்மா. இரண்டு கட்சியிலும் இருக்கிறீர்களா என்று சிரித்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அந்த அம்மா ஒளிக்காமல் சொன்னாராம்: “காலையில இவங்க பஸ்ஸுல வந்தோம் சார். அந்த பஸ் திரும்பப் போகலையாம். அவங்க பஸ்ஸுதான் நம்ம தோட்டத்து பக்கம் போகுது. தொப்பி போட்டாத்தான் ஏத்துவாங்க.”

அடுத்த நாள் இரண்டு கட்சிகளும் அந்த அம்மாவைத் தங்கள் கணக்கில் சேர்த்துக்கொண்டன. ஸ்ரனி இரண்டிலும் சேர்க்கவில்லை. அந்த அம்மா கூட்டத்துக்கு வந்தவர் இல்லை, வீட்டுக்குப் போகிற வழியில் நின்றவர் என்றார். பார்க்க வந்தவரையும் கூட்டிவரப்பட்டவரையும் எண்ணக்கூடாது, நிற்க வந்தவரைத்தான் எண்ணவேண்டும் என்பது அவருடைய சட்டம். பொலிஸாரையும், பொலிஸ் உடுப்பு இல்லாமல் வந்து படமெடுக்கிறவர்களையும், எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்களையும் அவர் எண்ணமாட்டார்.

இந்தச் சட்டங்களால் அலுவலகத்தில் தினமும் ரகளை. அவருடைய எண் வெளிவந்த காலையில் தொலைபேசி ஓயாது. கூட்டம் வைத்தவர்கள் குறைத்துவிட்டாய் என்று ஏசுவார்கள். எதிரணிக்காரர் கூட்டிவிட்டாய் என்று ஏசுவார்கள். ஒருமுறை நான் எடுத்த போனில் கேட்ட வார்த்தைகளை இன்றுவரை வாயால் சொன்னதில்லை. ஸ்ரனி மனம் குளிர்ந்துபோய் உட்கார்ந்திருந்து சொல்வார்: “ரெண்டு பக்கமும் ஏசினால் எண் சரி. ஒருத்தரும் எடுக்காட்டித்தான் நாங்கள் பயப்பிடவேணும்.” அதை அன்று பகிடியாகவே எடுத்துக்கொண்டோம்.

இனி எழுதப் போவது அவரை அறிந்தவர்களிலும் சிலருக்கு மட்டுமே தெரியும். எழுதலாமா என்று அவருடைய அக்காவிடம் கேட்டேன். எழுதும், எழுதி என்ன ஆகப்போகிறது என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த அக்கா பிலோமினா. ஸ்ரனியின் வீட்டுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறார். அவருக்கு ஒரே மகன், நிரோஷன். துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவரிடம் எழுதுவினைஞனாக வேலை செய்தவன். யுத்தத்தின் கடைசிக் காலத்தில், வேலை முடிந்து கொட்டாஞ்சேனைக்குத் திரும்பி வரும் வழியில், வான் வண்டியில் வந்தவர்கள் அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. பிலோமினா அக்கா ஏறாத பொலிஸ் நிலையம் இல்லை. எந்த ஆணைக்குழு வந்தாலும் முதல் ஆளாகப் போய்ச் சாட்சி சொன்னார். பிறகு அவரைப் போன்ற தாய்மார் சேர்ந்து மாதத்தில் ஒருநாள், கோட்டை ரயில் நிலையத்துக்கு முன்னால் பிள்ளைகளின் படங்களை ஏந்திக்கொண்டு நிற்கத் தொடங்கினார்கள். ஸ்ரனி அந்தச் செய்தியை எழுதப் போவார். வீதியின் எதிர்ப்பக்கத்தில், கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்று எண்ணுவார்.

முதல் தடவை அவர் எழுதிய எண் எண்பத்திரண்டு. பத்திரிகை வந்த அன்று காலையிலேயே பிலோமினா அக்கா அலுவலகத்துக்கு வந்துவிட்டார். ஸ்ரனியின் மேசையும் என் மேசையும் அடுத்தடுத்து இருந்தபடியால் நான் எழுந்து போகவும் வழியில்லை.

“உனக்கு எங்களை முன்னூறு எண்டு போட்டால் கை முறிஞ்சிடுமோ?” என்றார் அக்கா. “அவங்கள் பத்தாயிரத்தை லட்சம் எண்டு சொல்லுறாங்கள். நீ எங்கள்ள மட்டும் கணக்குப் பாக்கிறாய்.”

ஸ்ரனி அக்காவின் முகத்தைப் பார்க்காமல்தான் பேசினார். “அக்கா, நிரோஷனைக் காணேல்ல எண்டு சொல்லுறம். ஒரே ஒரு ஆள். அந்த ஒண்டை அவங்கள் நம்பவேணும் எண்டால் நாங்கள் எண்பத்திரண்டை எண்பத்திரண்டு எண்டுதான் சொல்லவேணும். இதில நான் பொய் சொல்லிப் பிடிபட்டால், அதுவும் பொய் எண்டு சொல்லிப்போடுவாங்கள்.”

அக்கா மேசையில் கிடந்த அன்றைய பத்திரிகையை மடித்து வைத்தார். பிறகு கேட்டார்: “அப்ப நீ ஏன் அந்தப் பக்கம் நிக்கிறாய்? அவன் உன்ர மருமகன். இங்கால வந்து படத்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் எண்பத்திமூண்டு.”

“நான் இங்கால வந்தால் ஆர் எண்ணுறது?”

பிலோமினா அக்கா எழுந்து போனார். அதன்பிறகு நீண்டகாலம் தம்பியோடு பேசவில்லை. நத்தார்ப் பண்டிகைக்குக்கூட கேக் இந்த வீட்டிலிருந்து அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஆனாலும் மாதத்தில் ஒருநாள் இருவரும் ஒரே நேரத்தில் கோட்டைக்கு வந்து, வீதிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு, அந்த நாட்களில் அதிகாரத்தில் இருந்த ஒருவர் தொலைக்காட்சியில் பேசினார். காணாமல் போனவர்கள் ஆயிரக்கணக்கில் என்கிறார்கள், இவர்களுடைய தமிழ்ப் பத்திரிகையே எழுபது எண்பது பேர்தான் வந்தார்கள் என்று எழுதுகிறது, மற்றவர்கள் எங்கே என்று கேட்டுச் சிரித்தார். அது ஸ்ரனியின் எண். மற்றவர்களை நம்பவைக்கும் என்று அவர் நினைத்த எண்ணை எடுத்தே அந்த மனிதர் அடித்தார். அடுத்த நாள் மத்தியானம் ஸ்ரனி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து என்னிடம், “எண் சரிதானே?” என்று கேட்டார். சரி என்றேன். எனக்கு அவர்மீது கோபமாக இருந்தது. அன்று பிலோமினா அக்கா சொன்னதுதான் நியாயம் என்று பட்டது. இன்றும் சில நாட்களில் அப்படித்தான் படுகிறது.

ஆட்சிகள் மாறின. ஒவ்வொரு ஆட்சியும் ஒரு ஆணைக்குழு வைத்தது. தாய்மார் ஒவ்வொன்றிலும் அதே கதையைச் சொன்னார்கள். நடைபாதையில் நின்றவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். சிலர் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்விட்டார்கள். சிலருக்கு முழங்கால் விடவில்லை. பலர் செத்துப்போனார்கள். வத்தளையிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு தாய், செத்துப்போன தன் சிநேகிதியின் மகனுடைய படத்தையும் சேர்த்துக் கொண்டுவரத் தொடங்கினார். பிறகு எல்லோரும் அப்படிச் செய்தார்கள். கையில் ஒன்று, கழுத்தில் கட்டித் தொங்கவிட்டது இன்னொன்று. ஆட்களைவிடப் படங்கள் கூடிவிட்டன. படங்களையாவது எண்ணி எழுதுங்கள் என்று ஸ்ரனியிடம் நான் சொன்னேன். “படம் நிக்க வந்ததில்லை வசந்தி” என்றார்.

நாடு கடனில் மூழ்கி வங்குரோத்தான வருடம், ஜனாதிபதியை வெளியேறச் சொல்லிக் காலிமுகத்திடல் கடற்கரையில் சனம் கூடியது உங்களுக்குத் தெரியும். அச்சடிக்கத் தாள் இல்லாமல் எங்கள் பத்திரிகை மெலிந்து நோஞ்சானாகக் கிடந்த காலம் அது. ஸ்ரனி அந்த வயதிலும் கடற்கரையை மேலும் கீழும் நடந்து எண்ணினார். “எத்தினை பேப்பர் விரிச்சாலும் காணாது வசந்தி” என்று அங்கிருந்து போன் எடுத்துக் கத்தினார். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷத்தை அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்கவில்லை. ஒரு பஸ்ஸும் கூட்டிவராத கூட்டம், எல்லோரும் நிற்க வந்தவர்கள் என்றார். ஒரு பின்னேரம் பிலோமினா அக்காவும் மற்றத் தாய்மாரும் படங்களோடு அங்கே போனார்கள். அடுத்த நாள் ஸ்ரனி அலுவலகத்துக்கு வந்தபோது முகம் விழுந்திருந்தது. நல்ல பிள்ளைகள் வந்தார்கள், சிங்களத்தில் விசாரித்தார்கள், கேட்டுக் கண் கலங்கினார்கள், படம் எடுத்தார்கள், பிறகு பாட்டு நடக்கும் பக்கம் போய்விட்டார்கள் என்று சொன்னார். “அவ்வளவு சனத்துக்குள்ள எங்கட ஆக்களை எண்ணுறது லேசா இருந்தது. அவையைச் சுத்தி மட்டும்தான் இடம் இருந்தது.”

பிறகு அந்தப் பெருங்கூட்டமும் வீட்டுக்குப் போய்விட்டது. தாய்மார் மட்டும் கோட்டை ரயில் நிலையத்துக்குத் திரும்பி வந்தார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஸ்ரனியின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. கால்கள் வீங்கி, வழக்கமான செருப்பு ஏறாமல், ஷாமினியின் புருஷனுடைய பெரிய ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு திரிந்தார். ஒருநாள் போன் எடுத்தார். “வசந்தி, நாளைக்குப் பின்னேரம் நீர் ஒருக்கால் கோட்டைக்கு வாரும். எண்ணவேணும்.”

“ஏன், நீங்கள் வரேல்லையோ?”

“வாறன். நான் நிக்கப் போறன்.”

நான் நேரத்துக்கே போய்க் கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஸ்ரனி முச்சக்கர வண்டியில் வந்து இறங்கி, ஷாமினியின் தோளைப் பிடித்துக்கொண்டு நடைபாதையில் ஏறினார். பிலோமினா அக்கா அவரைக் கண்டார். அக்கா தன் கையிலிருந்த நிரோஷனின் படத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, பையிலிருந்து வேறு யாரோ ஒருவரின் மகனின் படத்தை எடுத்துக்கொண்டார். பஸ்களுக்கு இடையில்தான் அவர்களைப் பார்க்கமுடிந்தது. கடலைக்காரர் என்னிடம் சிங்களத்தில், “அத மினிஸ்சு நே, மிஸ்” என்றார். இன்றைக்கு ஆட்களே இல்லை என்கிறார். நான் முகங்களைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தால் எண்ணமுடியாது என்று அன்றுதான் விளங்கியது. கால்களைப் பார்த்து எண்ணினேன். வெடித்த குதிகால்கள், தேய்ந்த செருப்புகள், அவற்றுக்கு நடுவில் வீங்கிய இரண்டு கால்கள்.

எல்லாம் முடிந்து அவரிடம் போய், பத்தொன்பது என்றேன்.

“என்னையும் சேர்த்தோ?”

“ஓம்.”

“அப்ப சரி” என்று சிரித்தார். பிலோமினா அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். முன்னூறு போடச் சொல்லி இந்த முறை கேட்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் நானே அந்தச் செய்தியை எழுதினேன். பொழுதுபடும் நேரத்தில் ஒரு அரைப்பக்க விளம்பரம் வந்தது. செய்தியைத் தூக்கிவிட்டார்கள். அடுத்த நாள் தயங்கித் தயங்கி ஸ்ரனியிடம் சொன்னேன். அடுத்த மாதம் போடுவோம் என்றார். அடுத்த மாதம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார். தன் மருமகனுக்காக அவர் வீதியைக் கடந்து வந்து நின்ற ஒரே நாள் எந்தப் பத்திரிகையிலும் இல்லை. இப்போது இங்கேதான் இருக்கிறது.

அவரை அடக்கம் செய்த நாள் நல்ல மழை. கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் குடைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நின்றன. குடைகளுக்குக் கீழே கால்கள் மட்டும்தான் தெரிந்தன. அவரைப் போனில் ஏசிய கட்சிகளில் ஒன்று பெரிய எழுத்தில் பெயர் போட்டு மலர்வளையம் அனுப்பியிருந்தது. மற்றக் கட்சிகள் அவரை மறந்துவிட்டன. நான் அன்று எண்ணவில்லை. அன்று நான் நிற்க வந்தவள். பின்னேரம் அலுவலகத்துக்குப் போனபோது மரணச் செய்தி திருத்துவதற்காக என் மேசையில் கிடந்தது. இறுதிக் கிரியையில் பெருந்திரளான மக்கள் கலந்துகொண்டனர் என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சொல்லை வெட்டினேன். வேறு எதையும் அதற்குப் பதிலாகப் போடவில்லை.

அதற்கு முன்னர், மாதம்பிட்டி மயானத்தில் எல்லோரும் கலைந்து போகும்போது பிலோமினா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த மாதம் கோட்டைக்கு வருவீரா என்று கேட்டார். வருவேன் என்றேன்.

“எந்தப் பக்கம்?” என்றார்.

அக்கா பதிலுக்குக் காத்து நிற்கவில்லை. நனைந்த சேலையைப் பிழிந்துவிட்டு நடந்தார்.

போன கிழமை அந்த நாள் வந்தது. நான் போனேன். கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பிலோமினா அக்கா ஒருமுறை கையைத் தூக்கி என்னை அங்கே வரச் சொல்லிக் காட்டினார். அவர் கையில் மறுபடியும் நிரோஷனின் படம் இருந்தது, கழுத்தில் இன்னும் இரண்டு. எனக்குப் போகவேண்டும் போலத்தான் இருந்தது. போயிருந்தால் அங்கே ஒருவர் கூடியிருப்பார். ஆனால் இந்தப் பக்கத்தில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்று எண்ணினேன். பதினாறு.

ஸ்ரனியிடமிருந்து எனக்கு வந்தது இதுதான். அவருடைய துணிவோ நம்பிக்கையோ எனக்கு வரவில்லை. நம்பிக்கை அவரிடமே கடைசியில் இருந்ததா என்று தெரியாது. ஒரு கடலை வண்டிக்குப் பக்கத்தில் வீதியின் அந்தப் பக்கம் கொஞ்ச இடம், ஒரு விரித்த பேப்பர் அளவு இருக்கும். அதை வைத்துக்கொள்கிறேன்.

அன்று விளம்பரம் ஒன்றும் வரவில்லை. செய்தி ஆறாம் பக்கத்தில் அடியில் நாலு வரியாக வந்தது. பதினாறு பேர் கலந்துகொண்டனர் என்று அச்சாகியிருந்தது. அடுத்த நாள் காலையில் நான் நேரத்தோடு அலுவலகத்துக்குப் போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். குறைத்துவிட்டாய் என்று யாராவது ஏசுவார்கள், கூட்டிவிட்டாய் என்று யாராவது ஏசுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம்போல ஒருமுறை அடித்தது. வெள்ளவத்தையிலிருந்து ஒருவர், தன் மாமியாரின் மரண அறிவித்தலில் பெயர் பிழைத்துவிட்டதென்றார். திருத்தம் போடுவதாகச் சொல்லி வைத்தேன்.

அந்தப் பதினாறைப் பற்றி இதுவரை ஒருவரும் போன் எடுக்கவில்லை.